அமெரிக்க யூதத் தொண்டு நிறுவனங்களில் சமூக உறவுப் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சமூகப் பணியோ பொதுக்கொள்கையோ படித்துவிட்டு வேலை தேடும் நம் பிள்ளைகளின் கண்ணில் யூத அமைப்புகளின் விளம்பரங்கள் அடிக்கடி படுகின்றன. ‘கம்யூனிட்டி ரிலேஷன்ஸ் அசோசியேட்’ என்று இருக்கும். அது என்ன வேலை, நமக்குக் கொடுப்பார்களா, உள்ளே போனால் எப்படி இருக்கும் என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. வரலாறு பற்றிய பதில் கொஞ்சம் நீளம். அது தெரியாமல் மற்றவை புரியாது என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.

கம்யூனிட்டி ரிலேஷன்ஸ் என்றால் பி.ஆர். வேலைதானே?

இல்லை. பி.ஆர். ஒரு நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்றும் வேலை. இதில் நீங்கள் ஒரு சிறுபான்மைச் சமூகத்துக்கும் அது வாழும் ஊருக்கும் நடுவில் நிற்கிறீர்கள். ஊர் என்றால் மேயர், காவல்துறை, கல்வி வாரியம், தேவாலயம், மசூதி, கறுப்பின மக்களின் அமைப்புகள், உள்ளூர்ப் பத்திரிகை எல்லாம் சேர்த்து.

பள்ளி மாவட்டம் முக்கியப் பரீட்சையை, யூதர்கள் நோன்பிருக்கும் புனித நாளான யோம் கிப்பூர் அன்று வைத்துவிடும். பேசி மாற்ற வேண்டும். ஒரு மாணவனின் லாக்கரில் நாஜிச் சின்னம் கிறுக்கியிருப்பார்கள். பெற்றோர் கொதித்துப்போய் வருவார்கள், தலைமையாசிரியர் விஷயம் வெளியே போகாமல் பார்ப்பார். மாநில சட்டமன்றத்தில் வழிபாட்டுத் தலங்களின் பாதுகாப்புக்கு நிதி ஒதுக்கும் மசோதா வந்திருக்கும். எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் என்று கணக்கெடுக்க வேண்டும். இடையில் ஒரு பாதிரியாரோடு மதிய உணவு. அந்த உணவுக்கு நிகழ்ச்சி நிரல் எதுவும் இருக்காது. ஆனால் அந்த வாரத்தின் மிக உருப்படியான வேலை அதுவாக இருக்கலாம்.

இந்த வேலைக்கென்றே பெரிய ஊர்களில் இருக்கும் அமைப்பின் பெயர் ஜூயிஷ் கம்யூனிட்டி ரிலேஷன்ஸ் கவுன்சில். சுருக்கமாக ஜேசிஆர்சி என்பார்கள்.

இந்தத் தொழில் எப்படி உருவானது?

சண்டையில் உருவானது என்று சொன்னால் தவறில்லை. 1903இல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதன் அதிர்ச்சியில், 1906இல் ஜெர்மானிய வழிவந்த வசதியான யூதர்கள் அமெரிக்கன் ஜூயிஷ் கமிட்டியைத் தொடங்கினார்கள். அவர்களின் வழி சத்தமில்லாமல் பெரிய இடங்களில் பேசிக் காரியம் முடிப்பது. 1913இல் சிகாகோவில், யூத வெறுப்பை எதிர்க்க ஆன்டி டெஃபமேஷன் லீக் வந்தது. அட்லாண்டாவில் லியோ ஃபிராங்க் என்ற யூத மேலாளருக்குக் கொலைக் குற்றத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஆண்டு அது. ஆளுநர் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்ததும், 1915இல் ஒரு கும்பல் அவரைச் சிறையிலிருந்து இழுத்துப்போய்த் தூக்கிலிட்டது. 1918இல் வந்த அமெரிக்கன் ஜூயிஷ் காங்கிரஸுக்குக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த சாதாரண மக்களின் ஆதரவு இருந்தது. இவர்கள் தெருவில் இறங்கிப் போராடலாம் என்றவர்கள்.

ஆக, ஒரே செனட்டரிடம் மூன்று பேர் தனித்தனியாகப் போய், மூவரும் யூதர்களின் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டார்கள். யார் யாருக்காகப் பேசுவது என்ற தகராறு அன்றே தொடங்கிவிட்டது. இவர்களையும் ஊர்தோறும் இருந்த கவுன்சில்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்க 1944இல் ஒரு தேசிய ஒருங்கிணைப்பு மன்றம் உருவானது. இன்றைய ஜூயிஷ் கவுன்சில் ஃபார் பப்ளிக் அஃபேர்ஸ் அதன் வாரிசு.

போருக்குப் பிறகு வந்த தலைமுறை ஒரு முடிவுக்கு வந்தது: கறுப்பினத்தவருக்கு உரிமை இல்லாத நாட்டில் யூதருக்குப் பாதுகாப்பு நிலைக்காது. அந்த ஒருங்கிணைப்பு மன்றத்தில் வேலை பார்த்த ஆர்னால்ட் ஆரன்சன், கறுப்பினத் தலைவர்களான ஏ. பிலிப் ராண்டால்ஃப், ராய் வில்கின்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1950இல் லீடர்ஷிப் கான்பரன்ஸ் ஆன் சிவில் ரைட்ஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். 1964இன் குடிமை உரிமைகள் சட்டத்துக்கும் 1965இன் வாக்குரிமைச் சட்டத்துக்கும் நாடாளுமன்றத்தில் ஆதரவு திரட்டியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் பேசுவதற்குச் சற்று முன் பேசியவர் ரபி (யூத மதகுரு) யோவாகிம் பிரின்ஸ். ஹிட்லர் காலத்தில் பெர்லினில் ரபியாக இருந்து, வெளியேற்றப்பட்டவர். வெறுப்பைவிட வெட்கக்கேடானது மற்றவர்களின் மௌனம் என்பதே அவர் பேச்சின் சாரம்.

இதோடு நிறுத்திக்கொண்டால் அழகாக இருக்கும். பல அமைப்புகளின் விழா உரைகள் இங்கேதான் நிற்கும். ஆனால் 1968இல் நியூயார்க்கின் ஓஷன் ஹில் பிரவுன்ஸ்வில் பகுதியில், பெரும்பாலும் கறுப்பினத்தவர் கொண்ட உள்ளூர்ப் பள்ளி நிர்வாகமும் பெரும்பாலும் யூதர்கள் கொண்ட ஆசிரியர் சங்கமும் மோதி, நகரம் முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. 1978இல் தீர்ப்பு வந்த பாக்கி வழக்கில், கல்லூரிச் சேர்க்கையில் இன ஒதுக்கீடு கூடாது என்று முக்கிய யூத அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தன. கறுப்பின அமைப்புகள் எதிர்ப்பக்கம். இடஒதுக்கீட்டு விவாதத்தில் வளர்ந்த நமக்கு இந்த விரிசல் எளிதாகப் புரியும். பழைய கூட்டாளிகள் இன்னும் அந்த 1978ஐ மறக்கவில்லை. வேலைக்குச் சேருபவர் 1963ஐப் போலவே 1968ஐயும் படித்துவிட்டுப் போவது நல்லது.

ஜேசிஆர்சி தவிர வேறு எங்கே வேலை இருக்கிறது?

எண்ணிக்கையில் பார்த்தால் வேறு இடங்களில்தான் அதிகம். ஊருக்கு ஒரு ஃபெடரேஷன் இருக்கும். முதலாவது 1895இல் பாஸ்டனில் தொடங்கியது. பத்து அமைப்புகள் ஒரே பணக்காரரின் கதவைத் தட்டுவதற்குப் பதில், ஒரே இடத்தில் நிதி திரட்டிப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு. நிதி திரட்டத் தெரிந்தவருக்கு அங்கே எப்போதும் இடம் உண்டு.

ஜூயிஷ் ஃபேமிலி சர்வீஸ் என்ற பெயரில் பல நகரங்களில் இயங்குபவை சமூகப் பணியாளர்களின் இடம்: மனநல ஆலோசனை, உணவு வங்கி, முதியோர் பராமரிப்பு. நாஜிகளின் இனப்படுகொலையில் தப்பிப் பிழைத்து, இன்று மிகவும் வயதாகிவிட்டவர்களைக் கவனிப்பதும் இவர்கள்தான். அதற்கான பணத்தில் பெரும்பகுதி, ஜெர்மனியிடம் இழப்பீடு பெற 1951இல் உருவான கிளெய்ம்ஸ் கான்பரன்ஸ் வழியாக வருகிறது.

கல்லூரி வளாகங்களில் யூத மாணவர்களுக்கான ஹில்லெல் இருக்கிறது; 1923இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அகதிகளுக்கு ஹெச்ஐஏஎஸ். அது யூத அகதிகளுக்காகத் தொடங்கப்பட்டு, இப்போது எல்லா மதத்து அகதிகளுக்கும் உதவுகிறது. வெளிநாட்டுப் பணிக்கு ஜேடிசி. 1914இல் ஒட்டோமான் பேரரசுக்கான அமெரிக்கத் தூதர் ஹென்றி மார்கெந்தாவ், பாலஸ்தீனத்தில் பட்டினி கிடந்த யூதர்களுக்காக 50,000 டாலர் கேட்டு நியூயார்க்குக்குத் தந்தி அடித்தார். அந்த வசூலில் பிறந்தது அது.

நான் யூதர் இல்லை. வேலை கிடைக்குமா?

பல வேலைகளில் கிடைக்கும். ஃபேமிலி சர்வீஸ் அமைப்புகளில் உதவி பெறுபவர்களும் ஊழியர்களும் பல மதத்தவர். கணக்கு, ஐ.டி., மானிய விண்ணப்பம் எழுதுவது, கொள்கை ஆய்வு, சமூகப் பணி இவற்றுக்கெல்லாம் தகுதியைத்தான் பார்ப்பார்கள். மத அமைப்புகள் தங்கள் மதத்தவரையே வேலைக்கு எடுத்துக்கொள்ள 1964ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு தருகிறது. ரபி, சமயக் கல்வி ஆசிரியர் போன்ற இடங்களில் அது செல்லும். சாதாரண அலுவலக வேலைகளுக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டு வருவதில்லை.

சமூக உறவுப் பணி கொஞ்சம் வேறு. அங்கே நீங்கள் ‘நாங்கள்’ என்று பேச வேண்டியிருக்கும். அதனால் முன்னால் நின்று பேசும் பதவிகளில் பெரும்பாலும் யூதர்களே இருக்கிறார்கள், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சட்டமன்றப் பணி, பிற சமூகங்களோடு கூட்டு வேலை போன்றவற்றில் வெளியாளுக்கு வாய்ப்பு உண்டு. மதத்தைப் பற்றி நேர்காணலில் நீங்களாகவே விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. ‘எனக்கு யூத நண்பர்கள் நிறைய’ என்று மட்டும் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.

இஸ்ரேல் பற்றி எனக்கு வேறு கருத்து. அது தடையாகுமா?

ஆகலாம். மழுப்பாமல் சொல்வதென்றால், முக்கிய நீரோட்ட அமைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இஸ்ரேல் யூத, ஜனநாயக நாடாக இருக்கும் உரிமை என்பது கோடு. அதற்குள் நின்றுகொண்டு அந்த அரசின் கொள்கைகளை விமர்சிப்பவர்கள் உள்ளே ஏராளம். கோட்டுக்கு வெளியே இருப்பவர் அங்கே வேலை செய்வது அவருக்கும் அமைப்புக்கும் வேதனை.

2023 அக்டோபர் 7 தாக்குதலும் அதன் பின் காசாவில் நடந்த போரும் இந்தப் பணியை அடியோடு உலுக்கிவிட்டன. பல காலம் கைகோத்து நின்ற தேவாலயங்கள், மசூதிகள், தொழிற்சங்கங்களோடு பேச்சே நின்றுபோன ஊர்கள் உண்டு. உள்ளேயும் அதே கதைதான். ப்யூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கெடுப்புப்படி அமெரிக்க யூதர்கள் சுமார் 75 லட்சம் பேர். பெரியவர்களில் 37 சதவீதம் சீர்திருத்தப் பிரிவு, 17 சதவீதம் கன்சர்வேடிவ், 9 சதவீதம் மத விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ், 32 சதவீதம் எந்தப் பிரிவையும் சேராதவர்கள். இவர்கள் அத்தனை பேர் சார்பாகவும் ஒரே அறிக்கை எழுத வேண்டும். பல ஜேசிஆர்சிகளில் உறுப்பு அமைப்புகள் கூடி, பேசி, ஒத்த கருத்து வந்த பிறகே அறிக்கை வெளிவரும். ஒரு சொல்லுக்காக இரவு பத்து மணிவரை கூட்டம் இழுக்கும். கடைசியில் வெளிவரும் வாசகம் சப்பென்றுதான் இருக்கும். அந்தச் சப்பென்ற வாசகத்தின் பின்னால் யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே அதன் மதிப்பு. இதை மதிக்கத் தெரியாதவர், உடனே நியாயத்தை உரக்கச் சொல்லியே ஆக வேண்டும் என்பவர், வேறு வேலை தேடலாம். அதுவும் நல்ல வேலைதான், ஆனால் இது அல்ல.

2020 ஆகஸ்டில் பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்துக்கு ஆதரவாக 600க்கும் மேற்பட்ட யூத அமைப்புகள் ஒரே விளம்பரத்தில் கையெழுத்திட்டன. கையெழுத்திடாதவர்களும் இருந்தார்கள். 2022 கடைசியில் ஜூயிஷ் கவுன்சில் ஃபார் பப்ளிக் அஃபேர்ஸ் ஃபெடரேஷன் அமைப்பிலிருந்து பிரிந்து தனியாக நிற்பதாக அறிவித்தது. இந்த இழுபறி பழைய கதை இல்லை, இன்னும் நடந்துகொண்டே இருப்பது.

தாக்குதல் நடந்தால் இவர்கள் என்ன செய்வார்கள்?

2018 அக்டோபர் 27, பிட்ஸ்பர்க். ட்ரீ ஆஃப் லைஃப் ஜெப ஆலயக் (யூதர்களின் வழிபாட்டுத் தலம்) கட்டடத்தில் மூன்று சபைகள் வழிபட்டுக்கொண்டிருந்தன. துப்பாக்கியோடு வந்தவன் 11 பேரைக் கொன்றான். அந்த மூன்று சபைகளில் டோர் ஹடாஷ் என்பது ஹெச்ஐஏஎஸ்ஸின் அகதிகள் ஆதரவு நிகழ்ச்சியில் பங்கெடுத்திருந்தது. கொலைகாரன் இணையத்தில் ஹெச்ஐஏஎஸ்ஸைத்தான் வசை பாடியிருந்தான்.

அடுத்த நாள் நடந்த இரங்கல் கூட்டத்தில் பிட்ஸ்பர்க் இஸ்லாமிய மையத்தின் நிர்வாகி வாசி முகமது, உங்களுக்கு என்ன வேண்டுமோ கேளுங்கள், அடுத்த வழிபாட்டுக்கு வெளியே காவல் நிற்கவும் வருவோம் என்ற பொருளில் பேசினார். நாடெங்கும் முஸ்லிம்கள் திரட்டிய பணம் ஒரு சில நாளில் இரண்டு லட்சம் டாலரைத் தாண்டியது. ஐந்தே மாதத்தில், 2019 மார்ச் 15 அன்று, நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோது பிட்ஸ்பர்க் யூத ஃபெடரேஷன் அவர்களுக்காக நிதி திரட்டியது.

2022 ஜனவரி 15 அன்று டெக்சாஸின் காலிவில் ஊர் ஜெப ஆலயத்தில், துப்பாக்கியோடு வந்த ஒருவனிடம் ரபி சார்லி சைட்ரன் வாக்கரும் மூன்று பேரும் பிணைக்கைதிகளாகச் சிக்கினார்கள்; அது சுமார் 11 மணி நேரம் நீடித்தது. ஒருவர் முன்னதாக விடுவிக்கப்பட்டார். கடைசியில் ரபி துப்பாக்கிக்காரன் மேல் நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டு மற்ற இருவரோடு தப்பினார். முன்பு எடுத்த பாதுகாப்புப் பயிற்சிதான் காப்பாற்றியது என்று பிறகு சொன்னார். அவர் குடும்பம் காத்திருந்தது பக்கத்துக் கத்தோலிக்க ஆலயத்தில். ஊரின் வேறு மதத் தலைவர்களும் அங்கே கூடியிருந்தார்கள்.

இந்த மாதிரி நாட்களில் சமூக உறவுப் பணியாளரின் வேலை போனைப் பிடித்துக்கொண்டு உட்காருவது: எஃப்.பி.ஐ., காவல்துறை, பத்திரிகைகள், பள்ளிகள், பயந்துபோன பெற்றோர். எந்த எண்ணை அழைத்தால் நிஜமாகவே எடுப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரியும். ஜெப ஆலயங்களின் பாதுகாப்பைக் கவனிக்க செக்யூர் கம்யூனிட்டி நெட்வொர்க் 2004 முதல் இயங்குகிறது. முன்பு வாசலில் வரவேற்பாளர் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று காவலர் நிற்கிறார். பாதுகாப்புக்குப் போகும் பணம் வேறு எதிலிருந்தோ வெட்டப்பட்டதுதான்.

என்ன படிக்க வேண்டும்?

சமூகப் பணி, பொதுக்கொள்கை, சட்டம், இதழியல் எதுவும் சரி. இதற்கென்றே பட்டமும் உண்டு. ஹீப்ரு யூனியன் கல்லூரி 1968இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய பள்ளி இப்போது ஜெலிகோ பெயரில் இயங்குகிறது. பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஹார்ன்ஸ்டீன் திட்டம் 1969இல் வந்தது. தலைமைப் பதவி நோக்கம் என்றால் இவை உதவும். ஹீப்ரு மொழி அவசியமில்லை.

என்னைக் கேட்டால், ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் ஓராண்டு வேலை பார்த்தவருக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். மசோதா எங்கே சிக்கும், யாருக்குப் போன் செய்தால் நகரும் என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை.

சம்பளம் எப்படி?

ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் மனம் உடையும். ஊருக்கு ஊர், அமைப்புக்கு அமைப்பு மாறும் என்பதால் தொகை சொல்வதைவிட, கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். நியூயார்க், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்பது சட்டம். அப்புறம், தொண்டு நிறுவனங்கள் வருமான வரித்துறைக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் படிவம் 990 பொது ஆவணம். தலைமை அதிகாரிகளின் சம்பளம் அதில் இருக்கும். இயக்குநருக்கு எவ்வளவு, மொத்தச் செலவு எவ்வளவு, மூன்று ஆண்டாகப் பற்றாக்குறையா என்று பார்த்துவிட்டு நேர்காணலுக்குப் போங்கள். ஜெப ஆலயங்கள் அந்தப் படிவம் கொடுக்க வேண்டியதில்லை.

அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் கூட்டரசின் கல்விக் கடன் வாங்கியிருந்தால் இன்னொரு லாபம்: தகுதியான தொண்டு நிறுவனத்தில் முழுநேரம் வேலை பார்த்தபடி 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கடன் தள்ளுபடி. 2007இல் வந்த திட்டம்.

விசா கொடுப்பார்களா?

இங்கே பலருக்குத் தப்பான தகவல் இருக்கிறது. ‘நான்ப்ராஃபிட் என்றால் ஹெச்-1பி வேலை விசாவுக்குக் குலுக்கல் கிடையாது’ என்பார்கள். அந்த விலக்கு பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த தொண்டு நிறுவனங்கள், ஆராய்ச்சி அமைப்புகள் ஆகியவற்றுக்குத்தான். ஊர் ஃபெடரேஷனுக்குச் சாதாரணமாகப் பொருந்தாது. மதப் பணியாளர் விசாவும் அலுவலக வேலைக்கு ஆகாது. எட்டுப் பேர் வேலை செய்யும் அமைப்பு வழக்கறிஞருக்குச் செலவழிக்கத் தயங்கும். படிப்பு முடித்த மாணவர் விசாக்காரர்கள் தற்காலிகமாக வேலை பார்க்க அனுமதிக்கும் ஓபிடி காலத்தில் அனுபவம் எடுக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

தேர்தலில் வேலை செய்யலாமா?

அலுவலகத்தின் பெயரில் கூடாது. 501(சி)(3) அமைப்பு, அதாவது வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனம், எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ முடியாது. மசோதாக்களுக்காக ஓரளவு வாதாடலாம். சொந்த நேரத்தில் உங்கள் விருப்பம், ஆனால் மறுநாள் இரு கட்சிக்காரரையும் சந்திக்கப் போகிறவர் நீங்கள் என்பது நினைவிருக்கட்டும்.

அலுவலகப் பழக்கங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை மாலை முதல் சனி இரவு வரை சபாத் என்ற ஓய்வு நாள், கூட்டம் வைக்காதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் பண்டிகைகள் வரிசையாக வந்து காலண்டரையே விழுங்கிவிடும். சாப்பாடு ஆர்டர் செய்யும்போது கோஷர் (யூத உணவு விதிகளின்படி தயாரித்தது) தேவையா என்று கேளுங்கள். சைவம் என்பதால் மட்டும் கோஷர் ஆகிவிடாது, சான்றிதழ் வேண்டும். ஆர்த்தடாக்ஸ் பிரிவினரில் சிலர் எதிர்பாலினத்தவரோடு கை குலுக்க மாட்டார்கள். நாம் வணக்கம் சொல்லிப் பழகியவர்கள், சமாளித்துவிடலாம்.

ஸ்வஸ்திகா விஷயம் வந்தால் இந்துவாக நான் என்ன சொல்வது?

கட்டாயம் வரும். 2008இல் ஜெருசலேமில் இந்து, யூத மதத் தலைவர்கள் கூடியபோது, இந்துக்களுக்கு அது நாஜிகளுக்குப் பல்லாயிரம் ஆண்டு முந்தைய புனிதச் சின்னம் என்று கூட்டறிக்கையில் ஏற்றுக்கொண்டார்கள். 2022இன் கலிபோர்னியச் சட்டம் ஒன்றும் நாஜிச் சின்னத்தை வேறு பெயரிட்டுப் பிரித்துச் சொல்கிறது. இவை தெரிந்திருக்கட்டும். ஆனால் லாக்கரில் கிறுக்கப்பட்ட பிள்ளையின் அம்மா அழுதுகொண்டிருக்கும்போது இந்தப் பாடத்தை எடுக்காதீர்கள். வேறொரு நாள் பேசலாம்.

தமிழ்ச் சங்க அனுபவத்தை விண்ணப்பத்தில் போடலாமா?

போடுங்கள். மண்டபம் பிடித்தது, நன்கொடை கேட்டது, இரண்டு கோஷ்டியையும் ஒரே மேடையில் ஏற்றியது எல்லாமே இங்கே கேட்கும் தகுதிகள். எவ்வளவு திரட்டினீர்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணோடு எழுதுங்கள். ‘பண்பாட்டுச் செயலாளர்’ என்று மட்டும் இருந்தால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் ஊர் ஃபேமிலி சர்வீஸின் உணவு வங்கியில் தன்னார்வலராகப் போங்கள். உள்ளூர் ஜேசிஆர்சி கடந்த ஈராண்டில் வெளியிட்ட அறிக்கைகளை உட்கார்ந்து படியுங்கள். எதில் பேசினார்கள், எதில் வாயைத் திறக்கவில்லை என்பது புரியும். அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் இருபது நிமிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: அறிக்கையை யார் இறுதி செய்கிறார்கள்? பெரிய நன்கொடையாளர் ஒருவர் கோபப்பட்டால் என்ன நடக்கும்? இதற்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார்? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், படிவம் 990ஐ இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள்.